யோசித்துவிட்டு பாஸ்

பீளமேடு, கோயம்புத்தூர்
14 ஜூன் 2023

அனந்தக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸாப்பில் ஒரே ஒரு சொல் வந்தது: "எழுது." எழுதுகிறேன். பேனா பிடித்து நாளாயிற்று. எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பொறுத்துக்கொள்.

மேல்முறையீட்டுக் குழுவின் மெயில் உனக்கும் வந்திருக்கும். அனிலும் மாதுரியும் விடுவதாக இல்லை. பிரிட்ஜ் சீட்டாட்டத் தேர்வுப் போட்டியில் இரண்டு நாள் நாம் ஆடியதைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. கடைசிச் சுற்றில் அந்த ஒரே ஒரு ஆட்டம்தான் தகராறு. அதன் புள்ளியை மாற்றினால் நாம் கீழே, அவர்கள் மேலே. மாநில அணியில் மிச்சம் இருந்த ஒரே ஜோடி இடம் அவர்களுக்குப் போய்விடும்.

நாம் இருவரும் ஒரே மாதிரி எழுத வேண்டும். அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், சரிபார்.

நான் ஒரு இஸ்பேட் என்று ஏலத்தைத் தொடங்கினேன். என் இடப்பக்கம் அனில், ஒரே தாவலில் நான்கு ஆட்டின். அடுத்து நீ. பாஸ். மாதுரி பாஸ். நான் நான்கு இஸ்பேட் சொன்னேன். அதற்கு வேண்டிய பத்துப் பிடியையும் எடுத்தேன். ஜெயித்தோம்.

அனில் அங்கேயே நடுவரைக் கூப்பிட்டான். பாஸ் சொல்லுமுன் நீ ரொம்ப நேரம் யோசித்தாயாம். அதிலிருந்து உன் கையில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்றாம். அந்தத் தைரியத்தில்தான் நான் ஏலத்தை ஏற்றினேனாம். நடுவர் கேட்டபோது, வழக்கமான அளவுதான் யோசித்தாள் என்றேன். நீ வாயைத் திறக்கவில்லை. ஸ்கோர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்போது உன்னிடம் எழுத்தில் கேட்கிறார்கள். வழக்கத்துக்கு மீறி யோசித்தீர்களா? ஜூலை பத்துக்குள் பதில்.

இல்லை என்று எழுது. ஒரு சொல் போதும்.

ஒரு தடவையாவது அந்த அணியில் உட்கார வேண்டும் என்று நீ சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நான் லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. திருப்பூணித்துறையில் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

சுதீர்


மட்டாஞ்சேரி
18 ஜூன் 2023

சுதீரா,

உன் எழுத்து கோணல்தான். என்னுடையது அதைவிட மோசம். மலையாளம் எழுதிப் பழகிய கை. தமிழ் பாதி வரியில் வேறு எங்கோ வளைந்து போகிறது.

போனில் உனக்கு என் மூச்சு கேட்கும். நான் சொல்ல வருவதற்குள் நீ பதில் சொல்லிவிடுவாய். வாட்ஸாப்பும் அப்படித்தான். நான் டைப் அடிப்பது உனக்குத் தெரிகிறது, பாதியில் நிறுத்துவது தெரிகிறது. தபாலில் எழுதியது மட்டும் வரும். அதற்காகத்தான்.

நேற்று ருசி அறையில் இசக்கிசெல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்குத் தேயிலையை ஊறவைத்து வரிசையாகக் கோப்பை வைப்பவள். நாங்குநேரிக்காரி. நான் ஒரே கோப்பையை இரண்டு தடவை உறிஞ்சித் துப்பியதைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, நாக்கு செத்துப்போச்சா?"

தகராறைச் சொன்னேன்.

"சீட்டாட்டத்துல யோசிச்சா கேஸா?"

"யோசிக்கலாம். எதிர்ல இருக்கற பார்ட்னர் அதைக் கேட்கக் கூடாது."

"அவருக்குக் காது இருக்குல்லா."

"கேட்டாலும் கேட்காத மாதிரி ஆடணும். ஏலமும் சீட்டும் மட்டும்தான் பேசலாம். முகம் பேசக் கூடாது. கை பேசக் கூடாது. எவ்வளவு நேரம் எடுத்துக்கறோங்கறதும் பேசக் கூடாது."

"அப்ப எங்க வீட்டுக்காரர கூட்டிட்டுப் போங்க. நான் வாயத் தெறந்து பேசுனாலே அவருக்குக் கேக்காது."

சிரித்தேன். பஸ் தோப்பும்படி பாலத்தில் நிற்கும்வரை சிரிப்பு இருந்தது.

நான் யோசித்தேன், சுதீர். வழக்கத்தை மீறித்தான். கையில் நான்கு இஸ்பேட், ஒற்றை ஆட்டின். நான்கு இஸ்பேட் என்று நானே சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாமா என்று பார்த்தேன், பயந்தேன், பாஸ் அட்டையை எடுத்து வைத்தேன். ஏலத்தில் இதைவிட மட்டமான தப்பு கிடையாது. பாஸ் என்றால் எப்போதும் எடுக்கிற நேரத்திலேயே பாஸ். யோசித்தால் எதையாவது சொல்லிவிட வேண்டும். யோசித்துவிட்டு பாஸ் சொல்கிறவள் பார்ட்னரின் கையைக் கட்டிப் போடுகிறாள். அதற்குப் பிறகு அவன் நல்லதே செய்தாலும் திருட்டு மாதிரி இருக்கும்.

உன் கையை அப்புறம் பார்த்தேன். ஐந்து இஸ்பேட். பதின்மூன்று பாயிண்ட். பக்கத்தில் வேறு நீளமான சூட் ஒன்றும் இல்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு நான்கு ஆட்டினுக்கு மேலே யார் போவார்கள்?

அதனால் நான் உன்னைக் கேட்கிறேன். குழுவுக்கு வேண்டாம், எனக்குச் சொல். நான் யோசித்ததை நீ கேட்டாயா?

சந்தேகம் அந்த ஒரு ஆட்டத்தோடு நின்றிருந்தால் தூங்கியிருப்பேன். நம் கிளப்பில் முதல் நாள் நாம் மிச்சம் விழுந்தவர்கள். இரண்டு பேருக்குமே ஜோடி வரவில்லை. கிளப்பைப் பார்த்துக்கொள்கிற விஸ்வநாத் சார்தான் எதிரெதிரே உட்காரவைத்தார். அன்றைக்கே பொருந்திவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஏழு வருஷமாகச் சொல்கிறார்கள். எது பொருந்தியது? ஆட்டமா, மூச்சா?

பதில் எழுதுமுன் எனக்கு இது தெரிய வேண்டும். வருகிற இரண்டு ஞாயிறும் ஆன்லைனில் ஆடுவோம். முன்பின் தெரியாதவர்களோடு. கேமரா வேண்டாம், மைக் வேண்டாம். முறை வந்ததும் பத்து எண்ண வேண்டும். சுலபமோ கஷ்டமோ, பத்து. பிறகுதான் ஏலம், பிறகுதான் சீட்டு. நானும் அப்படியே.

அனந்தம்


பீளமேடு
21 ஜூன் 2023

அக்கா,

பத்து எண்ண வேண்டுமாம். சரி.

உன் கேள்விக்குப் பதில்: உன் பாணி எனக்குத் தெரியும். நீ பயப்படுகிற ஆள். உன் பாஸை நான் எப்போதும் கொஞ்சம் ஏற்றித்தான் படிப்பேன். அதற்கு நீ யோசிக்கவே தேவையில்லை. அந்த ஏலத்தை நான் எப்படியும் சொல்லியிருப்பேன்.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

உனக்கு இது ஒரு கணக்கு மாதிரி. எனக்கு அப்படி இல்லை. இங்கே என்ன இருக்கிறது சொல். பம்ப் கம்பெனி. பம்பின் படம் வரைகிறேன். பக்கத்து மேசை சங்கர்ராம் மத்தியானம் சோறு சாப்பிடும்போது பம்பைப் பற்றிப் பேசுகிறார். அறைக்கு வந்தால் தண்ணீர் வராது. ஞாயிறு காலை ரயில், எறணாகுளம், போட், மட்டாஞ்சேரி, மிளகுக் கிடங்கு மாடிப்படி, மேலே கிளப், நீ. வாரத்தில் ஒரு நாள் எதிரே ஒரு ஆள், நான் சொல்லாததும் புரிகிற ஆள். அதைப் போய் பரிசோதனை செய்கிறேன் என்கிறாய்.

ஞாயிறு பத்து மணிக்கு உள்ளே வருகிறேன்.

சுதீர்


மட்டாஞ்சேரி
26 ஜூன் 2023

சுதீரா,

இருபத்தெட்டு ஜோடிகளில் இருபத்தாறாவது. பின்னால் இருந்த இரண்டில் ஒன்று பாதியில் எழுந்து போய்விட்டது.

பத்து எண்ணினாய் என்று தெரிகிறது. நன்றி. நானும் எண்ணினேன். திரையில் உன் பெயர் மட்டும் இருந்தது. உன்னுடையதாக வேறு ஒன்றுமே இல்லை. மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். "யாரோடடீ சண்டை?" என்றாள். நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

மூன்றாவது ஆட்டம். நீ ஒரு இஸ்பேட், நான் இரண்டு கிளாவர், நீ இரண்டு ஆட்டின், நான் மூன்று கிளாவர். நீ பாஸ். என் கையில் என்ன இருந்தது பார்த்தாயா? இன்னும் மேலே போகலாம், நீ சொல் என்கிற கை. நம் இரண்டு கையையும் சேர்த்தால் பன்னிரண்டு பிடி கிடந்தது. அடிமட்டத்தில் நின்றுவிட்டோம். உன்னைத் திட்டலாம் என்று எடுத்துப் பார்த்தால், அந்த மூன்று கிளாவருக்கு நம்மிடம் அர்த்தமே கிடையாது. அது அழைப்பா, நிறுத்தமா, நாம் பேசிக்கொண்டதே இல்லை. ஏழு வருஷம். கிளப்பில் நேற்று சேர்ந்தவர்கள்கூட முதல் வாரத்தில் பேசிவைத்துக்கொள்வார்கள்.

அதற்கு அடுத்தது என் டபுள். அவர்கள் மூன்று டைமன் சொன்னார்கள், நான் டபுள் வைத்தேன். உன் சூட்டைச் சொல் என்று கேட்டேன். அவர்களை அடி என்று நீ எடுத்துக்கொண்டாய். அவர்கள் ஒரு பிடி அதிகமாகவே எடுத்துப் போனார்கள்.

தடுப்பாட்டம் அதைவிட மோசம். நீ டைமன் ராஜாவில் தொடங்கினாய். நான் ஏழு போட்டேன். அது பெரிய சீட்டு, தொடர் என்று அர்த்தம். நீ சூட்டை மாற்றினாய். ஏழு உனக்குச் சின்னதாகத் தெரிந்ததா? மேசையில் நான் ஏழைப் போட்டால் நீ ஒரு நாளும் தப்பாகப் படித்தது கிடையாது. ஏன் என்று படுத்துக்கொண்டு யோசித்தேன். தொடரச் சொல்லும்போது நான் சீட்டை அழுத்தி வைக்கிறேன் போலிருக்கிறது. வேண்டாம் என்னும்போது நழுவவிடுகிறேன். எனக்கே தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசி ஆட்டத்தில் இரண்டு பேரும் கிளாவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேரும் ஆட்டினை வீசினோம். எல்லோருக்கும் தெரியும்படி விரித்துவைத்த டம்மி கையில் இருந்த சின்ன ஆட்டின்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து பிடி எடுத்தன. ஒரே வாசலை இரண்டு பேர் காத்தோம். இன்னொன்று திறந்து கிடந்தது.

ஒரு ஞாயிறு போதாது என்பாய். இன்னொன்று இருக்கிறது.

அனந்தம்


பீளமேடு
5 ஜூலை 2023

அக்கா,

இரண்டாவது ஞாயிறும் ஆயிற்று. முப்பதில் இருபத்திரண்டு. முன்னேற்றம் என்று சொல்லலாம். நீ சொல்ல மாட்டாய்.

மவுஸ் வைத்து ஆடுவது ஆட்டமே இல்லை. சீட்டு கையில் இல்லாவிட்டால் எனக்கு மூளை ஓடாது. பத்து எண்ணுவதில் பாதி கவனம் போகிறது. அந்த ஊர் பேர் தெரியாத ஜோடிகள் என்னென்னவோ சொல்கிறார்கள். இதை வைத்து ஏழு வருஷத்துக்குத் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகத்தில் எல்லா நல்ல ஜோடிகளும் இப்படித்தான். ஒருவரை ஒருவர் அறிவது தப்பா? புருஷன் பெண்டாட்டி ஜோடியாக ஆடுகிறார்கள். அனிலுக்கு மாதுரியின் இருமல் தெரியாதா? அவர்கள்தான் நம்மேல் புகார் கொடுக்கிறார்கள்.

நான் ஏமாற்றுக்காரன் இல்லை. அந்தச் சொல்லை நீ எழுதவில்லை. ஆனால் உன் கடிதம் முழுக்க அதைச் சுற்றித்தான் நடக்கிறது. தைரியமாக எழுதிவிடு.

ஏழை நான் சின்னதாகத்தான் படித்தேன். ஒத்துக்கொள்கிறேன். எட்டும் ஒன்பதும் பத்தும் உன்னிடம் இருக்கும், ஏழுதான் அடி என்று நினைத்தேன். திரையில் எல்லாச் சீட்டும் ஒரே மாதிரி விழுகிறது.

பத்தாம் தேதி திங்கட்கிழமை. இல்லை என்று எழுதிவிடு. அதற்குப் பிறகு நீ சொல்கிறபடி எல்லாம் செய்யலாம். எந்த ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒப்பந்தம் எழுதலாம், பத்து எண்ணலாம், மூச்சை அடக்கலாம். முதலில் இடத்தைக் கைவிடாதே.

கடிதம் தாமதமானதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆபீசில் வேலை.

சுதீர்


மட்டாஞ்சேரி
7 ஜூலை 2023

சுதீரா,

தாமதத்துக்கு அர்த்தம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். முந்தைய கடிதங்களெல்லாம் உடனே வந்தன. இதற்காக நான் தினமும் கதவருகே போய்ப் பார்த்தேன். வருவதற்கு முன்பே இதில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டது. கோபமாக ஒரு பக்கம், நடுவில் ஒரு உண்மை, கடைசியில் கெஞ்சல். அப்படியே இருந்தது. தபாலிலும் உன் மூச்சு எனக்குக் கேட்கிறது. உன்னை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

குழுவுக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். "யோசித்தேன். வழக்கத்தை மீறி. நான்கு இஸ்பேட் சொல்லலாமா என்று யோசித்தேன்." அவ்வளவுதான் எழுதினேன். உனக்கு அது கேட்டதா இல்லையா என்று அவர்கள் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. அதை நீதான் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.

ஏமாற்றுக்காரன் என்று நான் எழுத மாட்டேன். நீ அப்படி இல்லை. வேண்டுமென்று செய்கிறவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு அலுப்பு இருக்காது, விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

இல்லை என்று எழுதிப் பார்த்தேன். உனக்குத் தெரியட்டும். கம்ப்யூட்டரில் அந்த ஒரு சொல்லை அடித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அணிச் சட்டை என்ன நிறம் என்றுகூட நினைத்தேன். நாற்பது ஆகப் போகிறது. அடுத்த தேர்வுக்கு இந்தத் தலை இப்படி ஓடுமா, தெரியாது. பிறகு இப்படி நினைத்தேன்: இல்லை என்று சொல்லி உள்ளே போனால், அங்கே ஒவ்வொரு ஏலத்துக்கும் நான் என் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சீட்டைப் பார்க்க நேரம் இருக்காது.

ரொம்பக் களைப்பாக இருக்கிறது. இன்றைக்கு ருசி பார்த்ததெல்லாம் ஒரே மாதிரி இருந்தது. இசக்கிசெல்வி வெறும் வெந்நீர் ஒரு கோப்பை நடுவில் வைத்திருந்தாள், விளையாட்டுக்கு. அதையும் உறிஞ்சித் துப்பிவிட்டு நகர்ந்தேனாம்.

அனந்தம்


பீளமேடு
19 ஜூலை 2023

அக்கா,

தீர்ப்பு வந்தது. நான்கு இஸ்பேட் ரத்து. நான்கு ஆட்டின் அவர்களுக்கு. இடமும் அவர்களுக்கு. யார்மேலும் நடவடிக்கை இல்லை என்று ஒரு வரி. பெரிய மனசு.

லீவை ரத்து செய்தேன். சங்கர்ராம் ஏன் என்று கேட்டார். மழை என்றேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ பார்த்தால் நீயும் சொல்லாதே.

இவ்வளவு நாள் உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. ஒன்றில், நடுவர் கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று எழுதியிருந்தேன். அங்கே ஸ்கோர் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, இங்கே வந்து நேர்மையாகிறாய். நான் சொன்ன பொய் உன் மௌனத்தின் மேல்தான் நின்றது. இதை மட்டும் அந்தக் கடிதத்திலிருந்து எடுத்து இங்கே வைக்கிறேன். மற்றதெல்லாம் குப்பை.

இப்போது உன் கேள்வி.

கேட்டேன்.

நீ யோசித்ததை இல்லை. அதற்கு முன்னால். அனில் நான்கு ஆட்டின் அட்டையை வைத்ததுமே நீ மூச்சை இழுத்து நிறுத்தினாய். அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இஸ்பேட் இருக்கிறது, சொல்ல மாட்டாள். அதற்கப்புறம் நீ யோசித்த நேரம் முழுக்க நான் என் சீட்டைப் பார்க்கவேயில்லை. நீ பாஸ் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். எப்படியும் சொல்லியிருப்பேன் என்று உனக்கு எழுதினேனே, அது பொய் என்று எழுதும்போது தெரியாது. அன்றைக்கு உன் மூச்சு கேட்காமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அப்படி ஒரு ஆட்டம் நான் உன்னோடு ஆடியதில்லை.

கேட்காமல் இருப்பது எப்படி? யாராவது சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வேன். காதைப் பொத்திக்கொண்டு உட்கார முடியாது.

ஒப்பந்தம் எழுதுவோம். மூன்று கிளாவர் அழைப்பு, டபுள் கேள்வி, எல்லாவற்றையும். முதலிலிருந்து. சேர்ந்து ஆடுவோம் என்று மட்டும் சொல்.

சுதீர்


மட்டாஞ்சேரி
31 ஜூலை 2023

சுதீரா,

ஸ்கோர் தாளைப் பற்றி நீ எழுதியது சரி.

போர்ட் கொச்சி ஜெட்டியில் மாதுரியைப் பார்த்தேன். ஒளியலாம் என்று பார்த்தேன், குடை காட்டிக் கொடுத்துவிட்டது.

"அனந்தச்சேச்சி, என்மேல் தேஷ்யம் உண்டோ?"

"கோபப்பட எனக்குத் தெம்பில்லை மாதுரி."

"அனில் சொன்னான், அவங்க எழுத மாட்டாங்க, கேஸ் தோத்துடுவோம்னு. சேச்சி எழுதினது வந்தப்போ அவன் அதையே திரும்பத் திரும்பப் படிச்சான். சாயா ஆறிப்போச்சு."

"நல்லா ஆடுங்கோ."

"எங்களுக்கும் பயமாக்கும் சேச்சி. அவன் யோசிச்சா எனக்கும் கேக்கறதே."

போட் வந்தது. அவள் ஏறவில்லை. அவளுக்கு மறுபக்கம் போக வேண்டியிருந்ததாம், வெறுமனே என்னோடு நின்றிருக்கிறாள்.

விஸ்வநாத் சாரின் ஜோடி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டார். நேற்று ஆடினேன். முந்தின நாளே நான்கு பக்கம் ஒப்பந்தம் அனுப்பினார், நான் படித்தேனா என்று போன் போட்டுக் கேள்வி கேட்டார். மேசையில் அவர் எல்லா ஏலத்துக்கும் ஒரே நேரம் எடுத்துக்கொள்கிறார். ஒரே மாதிரி சீட்டு வைக்கிறார். நல்ல கையா கெட்ட கையா, அவர் முகத்தில் நேற்று சாப்பிட்ட இட்லி மட்டும்தான் தெரிகிறது. ஐந்தாவது வந்தோம். மூன்று ஆட்டத்தில் நான் தப்பு செய்தேன். மூன்றும் என் தப்பு. யாரும் என்னைக் காப்பாற்றவில்லை. மத்தியானம் முழுக்க யாரும் என் மூச்சைக் கேட்கவில்லை.

நிம்மதியாக இருந்தது. மாடிப்படி இறங்கும்போது அழுகை வந்தது. இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

உன்னோடு ஜோடியாக ஆட மாட்டேன். ஒப்பந்தம் பத்துப் பக்கம் எழுதினாலும் நீ கேட்பாய், நீ கேட்பாயே என்று பார்த்துப் பார்த்து நான் ஆடுவேன். கேட்காமல் இருப்பது எப்படி என்றாய். எனக்கும் தெரியாது. என் எதிரே உட்கார்ந்து அதை நீ கற்றுக்கொள்ள முடியாது.

இத்தோடு நிறுத்தத்தான் இருந்தேன். நேற்று விஸ்வநாத் சார் ஒரு ஆட்டத்தில், வலப்பக்கம் இருந்த ஆள் திணறியதைப் பார்த்து ராணி யாரிடம் என்று கண்டுபிடித்தார். யாரும் நடுவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட ஒன்றும் இல்லை. நமக்கு விதி மனப்பாடம், ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து நான் அதைப் பார்த்ததேயில்லை. பார்ட்னரின் மூச்சைத்தான் கேட்கக் கூடாது. எதிராளியுடையதைக் கேட்கலாம். தாராளமாக. தப்பாகக் கேட்டால் நஷ்டம் உனக்கு, அவ்வளவுதான்.

யாரையாவது ஜோடி சேர்த்துக்கொண்டு வா. என் இடப்பக்கம் உட்கார். நான் யோசித்தால் கேள், பயந்தால் கேள், என்னை அடித்துப் போடு. நானும் உன்னைக் கேட்பேன். உன்னிடம் ஒரு ராணி இருந்தால் எனக்குத் தெரியும்.

பதின்மூன்றாம் தேதி ஞாயிறு கிளப்பில் ஜோடிப் போட்டி. பெயர் கொடுக்க வேண்டும் என்றால் விஸ்வநாத் சாருக்கு எழுது. எனக்கு எழுத வேண்டாம்.

அனந்தம்


பீளமேடு
8 ஆகஸ்ட் 2023

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இடப்பக்கம் உட்காரலாம் என்று நீ எழுதியதை ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆறுதல் பரிசு மாதிரி இருந்தது.

விஸ்வநாத் சாருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். என்னுடன் சங்கர்ராம் வருகிறார். ஆமாம், பம்ப். கல்லூரியில் ஆடினாராம், விட்டு வெகுகாலமாகிறதாம். தொட்டுப் பார்த்ததில் துரு நிறைய. மூன்றாம் கையில், மூன்றாவதாகச் சீட்டுப் போடும் முறை வந்தால், எப்போதும் பெரிய சீட்டைத் தூக்கிப் போடுகிறார். அவருக்கு அடுத்துப் போடும் டம்மியில் அதைவிடப் பெரிது படுத்திருந்தாலும் போடுகிறார். ஏன் சார் என்றால், மூன்றாம் கை பெரிது போடணும்னு படிச்சிருக்கேனே என்கிறார். ஒரு ராணியை வைத்தால் உடனே ராஜாவால் மூடுகிறார். நீங்கள் இரண்டு பேரும் எங்களைச் சாப்பிட்டுவிடுவீர்கள். பரவாயில்லை.

தினமும் சோற்று நேரத்தில் ஒப்பந்தம் எழுதுகிறோம். மூன்று பக்கம் ஆயிற்று. அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உன்னோடு எப்படி ஆடினேன் என்று நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது. நீ உட்கார்ந்திருந்தாய் என்பது மட்டும் வருகிறது.

இன்று சாப்பாட்டு அறையில் கூட வேலை செய்யும் இரண்டு பேரை இழுத்து வைத்து நாலு ஆட்டம் போட்டோம். ஒரு ஏலத்தில் சங்கர்ராம் நின்றுவிட்டார். அட்டையைத் தொட்டார், எடுத்தார், திரும்ப வைத்தார். மேல்மூச்சு வாங்கியது. அவர் என்ன யோசிக்கிறார் என்பது, இவ்வளவு கொஞ்ச நாள் பழக்கத்திலேயே, எனக்கு வந்துகொண்டிருந்தது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஒரு லாரியில் பம்ப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் பாஸ் சொல்லும்வரை அதையே பார்த்தேன். பிறகு என் சீட்டை எடுத்து எண்ணினேன். பாயிண்ட் பன்னிரண்டு. நானும் பாஸ் சொன்னேன்.

தப்பான பாஸ். ஏறியிருந்தால் ஜெயித்திருப்போம்.

சுதீர்